குட்டி சாப்பிடும்வரை

என் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டில் கோம்பை நாய்க்குட்டியைக் கொடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. குட்டியை வாங்குகிறவர் தானே தூக்கிக்கொண்டு போகக் கூடாது. கொடுக்கிற வீட்டு ஆள் ஒருவர் கொண்டுபோய் விட வேண்டும். அந்தப் புது வீட்டில் குட்டி எதையாவது தின்னும்வரை, கொண்டுபோனவர் அங்கே கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். உப்புப் போட்ட எதையும் தொடக் கூடாது. மறுநாள் உச்சிப் பொழுதுக்குள் குட்டி தின்னாவிட்டால் அந்த வீடு அதற்கு ஆகவில்லை என்று பொருள். தூக்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். வாங்க இருந்தவரும் மனம் கோணக் கூடாது.

எனக்கு எதற்கும் ஆண்டும் மாதமும் தெரிந்தாக வேண்டும். இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்று மச்சானிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அக்காவின் கணவர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். "நாயி பொறந்தப்ப," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

பக்கத்து ஊர்களுக்குக் கொடுத்த காலத்தில் இது சுலபமாக நடந்தது. சின்னமனூருக்கோ உத்தமபாளையத்துக்கோ காலையில் கொண்டுபோனால், குட்டி சாயங்காலத்துக்குள் பசி தாங்காமல் தின்றுவிடும். கொண்டுபோனவரும் சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வந்துவிடுவார். ஓசூர்வரை, அதுவும் விமானத்தில், ஒரு குட்டியைக் கொண்டுபோனது ஒரே ஒரு முறை. போனது நான்.

அக்காவின் வீடு கம்பம் பள்ளத்தாக்கில், காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. அந்த வீட்டில் எப்போதும் ஒரு கோம்பை நாய் இருக்கும். அது போவதற்குள் அதன் குட்டி ஒன்று வளர்ந்திருக்கும். உடம்பு செந்நிறம். முகம் மட்டும் கரிச்சட்டிக்குள் விட்டு எடுத்ததுபோல் கறுப்பு. இந்த நாய்களைப் பற்றிப் படித்ததும் கேட்டதும் என்னிடம் நிறைய இருக்கின்றன. படையை விரட்டின, புலியை மறித்தன என்பார்கள். நான் பார்த்தவை பக்கத்துத் தோட்டத்துக் கோழிகளை விரட்டின. ஆனாலும் தெரியாத ஆள் ஒருவர்கூட அந்தத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கால் வைக்க முடியாது என்பது உண்மை.

அப்படிப்பட்ட தோட்டத்துக்கு ஓர் ஆவணி மாதம் ஓசூரிலிருந்து ஒருவர் வந்தார். பந்தல் கம்பியை முறுக்கி இழுக்கும் இயந்திரம் ஒன்றைச் சொந்தமாகச் செய்து, அதைச் சோதித்துப் பார்க்க இடம் தேடி வந்தவர். கார் நின்றதும் நாய் பாய்ந்து போனது. மச்சான் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் நாய் வந்தவரின் ஷூவை மோந்து பார்த்துவிட்டு, அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. மச்சானுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, "அடுத்த ஈத்துல ஒரு குட்டி ஒங்களுக்கு. நாயே ஒத்துக்கிட்ட பெறகு நான் யாரு?" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஈத்தை அவர் பார்க்கவில்லை. வந்த தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், கொடிகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்தவர் பந்தலுக்குக் கீழேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. அதன் பிறகு அக்காவும் நாயும்தான்.

நாய் நீண்ட நாள் சினை பிடிக்கவில்லை. போன சித்திரையில் பிடித்து வைத்ததுபோல் நான்கு குட்டிகள் ஈன்றது. அவை கண் திறப்பதற்கு முன்பே அக்கா ஓசூருக்குப் போன் செய்து, உங்கள் குட்டி பிறந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். வைகாசியில் கோடைமழையோடு வந்த காய்ச்சலில் மூன்று குட்டிகள் அடுத்தடுத்துப் போயின. மிஞ்சியது ஒரு பொட்டைக் குட்டி. தாய்க்கு வயதாகிவிட்டது, இனிமேல் ஈனாது என்று கால்நடை மருத்துவர் சொன்னார்.

"அவருகிட்ட நான் பேசுறேன்க்கா," என்றேன். "படிச்ச மனுசன். ஒரு குட்டிதான் இருக்குன்னு சொன்னா வேணாம்னுருவாரு."

அக்கா கொடிகளுக்கு மருந்து அடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஒங்க மச்சான் நாலு பொழைச்சா ஒண்ணு தாறேன்னா சொன்னாக? ஒண்ணு தாறேன்னு சொன்னாக."

"அவரு இருந்திருந்தா அவரே மாத்திச் சொல்லியிருப்பாரு."

"இருந்திருந்தா சொல்லியிருப்பாக. இல்லையில்ல. இப்ப யாரு மாத்துறது, நீயா?" கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அந்த ஆளே கேட்டாலும் நீ வாயத் தொறக்கக் கூடாது. ஏலே, என் மேல ஆணை."

உயிரோடு இருக்கிறவர் சொன்ன வாக்கு என்றால் அவரிடமே போய்க் கெஞ்சலாம், சண்டை போடலாம். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. குட்டி அங்கே போய் எதையும் தின்னாமல் இருக்க வேண்டும். அப்படி நடந்தால் மச்சானின் வாக்கும் பொய்க்காது, குட்டியும் தோட்டத்துக்குத் திரும்பிவிடும். அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வழக்கத்தை மட்டும் எனக்குப் புதிதாகச் சொல்வதுபோல் முதலிலிருந்து ஒருமுறை சொன்னாள். உச்சிப் பொழுது என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

ஓசூர்க்காரரிடம் நான்தான் போனில் பேசினேன். சின்ன விமானம் ஓட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. அதற்கான உரிமம் வைத்திருந்தார், நண்பர் ஒருவரோடு சேர்ந்து பழைய விமானம் ஒன்றும் வைத்திருந்தார். ரோட்டில் வந்தால் பகல் முழுக்க ஆகும், குட்டி தாங்காது, மதுரைக்கு நானே பறந்து வந்து அழைத்துக்கொள்கிறேன் என்றார். வழக்கத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப நீங்களும் வாங்கண்ணா. சீட் இருக்கு. உங்க வெயிட் எவ்வளவு?"

சொன்னேன்.

"குட்டி?"

"திராட்சைப் பெட்டில பாதி இருக்கும்."

"ஒரு பெட்டில எவ்வளவு நிக்கும்?" என்று அக்கறையாகக் கேட்டார். விமானத்தில் ஏறும் எடையைக் கூட்டிப் பார்க்காமல் கிளம்பக் கூடாதாம். அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கே பயம் தொடங்கிவிட்டது.

ஆனி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை கிளம்பினோம். மலையைத் தாண்டி வரும் மேல்காற்று தொடங்கியிருந்தது. வாழைகளுக்கெல்லாம் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அக்கா தாய் நாயை மோட்டார் ரூமுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். திராட்சை ஏற்றும் பிளாஸ்டிக் கூடைக்குள் தன் பழைய நூல் சேலையை மடித்துப் போட்டு, குட்டியை அதில் வைத்து, இன்னொரு கூடையால் மூடிக் கட்டினாள். ஓசூர் வீட்டுக்கென்று ஒரு பெட்டி பன்னீர்த் திராட்சையும் காரில் ஏற்றினாள்.

"வீரபாண்டி தாண்டுற வரைக்கும் கூடையத் தொறக்காத. ஆத்தத் தாண்டிட்டா அதுக்கு வழி தெரியாது."

"வழி தெரிஞ்சாத்தான திரும்பி வரும்," என்றேன்.

அவள் கூடையின் ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டாள். குட்டி அதை நக்கியிருக்க வேண்டும். விரலை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, மோட்டார் ரூம் பக்கம் போய்விட்டாள்.

வாடகைக் கார் ஓட்டியவர் எங்கள் ஊர்ப் பையன்தான். விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. "நான் இன்னும் மெட்ராஸ் ரயிலே ஏறல பெரியப்பா. நாயி ஏரோப்ளேன்ல போகுது," என்றான். சின்னமனூர் வருவதற்குள் இதையே மூன்று விதமாகச் சொல்லிவிட்டான். தேனி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் வெயில் ஏறியபோது கூடையைத் திறந்தேன். குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. தாயைப் பிரிந்த குட்டி கத்தும், கதறும் என்று நான் மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். அது சேலைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மதுரை விமான நிலையத்தில், பயணிகள் போகும் வழியை விட்டு வேறொரு வாசல் வழியாக அழைத்துப் போனார்கள். சோதனை செய்யும் காவலர் கூடையைத் திறந்து பார்த்தார்.

"இதுக்கு ஆதார் இருக்கா?"

மருத்துவரின் சான்றிதழை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, "எங்க ஊருக்குப் பக்கம்தான் கோம்பை," என்றார். குட்டியின் வாயைப் பிளந்து உள்ளே பார்த்தார், காதைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல சாதி. இத எதுக்கு வெளியூருக்குக் குடுக்குறீக?"

"வாக்குக் குடுத்தாச்சு," என்றேன்.

"குடுத்தது யாரு?"

"எறந்துட்டாரு."

அவர் கூடையை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

விமானத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். விமானம் என்றால் படிக்கட்டு வைத்து ஏறுவது என்றுதான் என் கற்பனை. இது தரையோடு நின்றது. நம் ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை பொருத்தியதுபோல் இருந்தது. நான்கு பேர் நெருக்கி உட்காரலாம். முன்னால் ஒரே ஒரு விசிறி. ஓசூர்க்காரர் வெள்ளைச் சட்டையோடு அதன் மூக்கில் ஓர் இரும்புக் கம்பியை மாட்டி, தனி ஆளாக, கோயில் மாட்டை இழுப்பதுபோல் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் கையால் இழுத்துத் திருப்பக்கூடிய பொருளில் ஏறி மலைகளுக்கு மேலே போகப் போகிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பயமா அண்ணா?"

"இல்ல சார்."

"எனக்கு முதல் தடவை ரொம்பப் பயம்," என்று சொல்லி என் இடுப்பு வார், தோள் வார் எல்லாவற்றையும் அவரே மாட்டினார். கூடைகளையும் திராட்சைப் பெட்டியையும் பின்சீட்டில் கட்டிவிட்டு, குட்டியை என் மடியில், சேலையோடு, ஒரு துணிப்பைக்குள் வைத்தார். தலைமட்டும் வெளியே தெரிந்தது. எனக்கு ஒரு பெரிய காதொலிக்கருவியை மாட்டினார். குட்டிக்கு மாட்ட எதுவும் இல்லை. எஞ்சின் கிளம்பியதும் அதன் இரண்டு காதுகளையும் என் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டேன். மதுரையிலிருந்து ஓசூர்வரை அந்தக் கைகளை எடுக்கவில்லை. பிடித்துக்கொள்ளவும் அதனால் எனக்குக் கை இல்லாமல் போயிற்று.

பறப்பதைப் பற்றி நிறையப் படித்தவன் நான். இறக்கைக்கு மேலே போகும் காற்றுக்கும் கீழே போகும் காற்றுக்கும் என்ன வித்தியாசம், முதலில் யார் எந்தக் கடற்கரையில் எவ்வளவு தூரம் பறந்தார்கள் என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் அளவுக்குத் தெரியும். சிறுமலைக்கு மேலே முதல் குலுக்கல் வந்தபோது இதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. விமானம் திடீரென்று ஒரு படி கீழே இறங்கியது. பிறகு யாரோ அடியிலிருந்து உதைத்ததுபோல் மேலே வந்தது. "மலைக்காத்து. நம்ம ஊரு ரோடு மாதிரிதான்," என்று காதுக்குள் அவர் குரல் கேட்டது. ரோட்டில் குழி வந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லலாம். இங்கே யாரிடம் எதைச் சொல்வது?

குட்டி ஒரு கொட்டாவி விட்டது. பிறகு என் வேட்டியில் சூடாக ஒன்றுக்குப் போனது. மாட்டியிருந்த வார்களால் என்னால் அசையக்கூட முடியவில்லை. அவர் ஒரு கையை எடுத்துப் பின்னால் துழாவி, துணி ஒன்றை எட்டப் பார்த்தார். வேண்டாம், நீங்கள் ஓட்டுங்கள் என்று கத்திவிட்டேன். காதொலிக்கருவியில் அந்தக் கத்தல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அதோ, லெஃப்ட்ல பாருங்க. உங்க ஊர்ப் பக்கம்."

மேற்கே பார்த்தேன். தூரத்தில் வைகை அணை, உடைந்த கண்ணாடித் துண்டுபோல் கிடந்தது. அதற்குப் பின்னால் மலைகள். மலைகள் பிரியும் வாயில் மேகம் சுவர் வைத்ததுபோல் அடைத்துக்கொண்டு நின்றது. கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது. அக்கா இந்நேரம் மோட்டார் ரூம் கதவைத் திறந்துவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். தாய் நாய் முதலில் குட்டி கிடந்த சாக்கைப் போய்ப் பார்த்திருக்கும்.

இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு அவர் கேட்டார். "உங்க அக்காவுக்கு இதைக் கொடுக்க மனசு கஷ்டமா இருந்துச்சாண்ணா?"

நான் எதிர்பார்க்கவில்லை. கரூர்ப் பக்கம் காவிரி மணலாகத் தெரிந்தது. அதில் ஒரு கோடு தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் நல்லவர். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், விமானத்தைத் திருப்பிவிடக் கூடியவர். அக்காவின் ஆணை நெஞ்சில் வந்து நின்றது.

"நாய்தானே சார்," என்றேன்.

அதைச் சொன்னபோது குட்டி தலையைத் திருப்பி என் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

ஓசூர் வீடு பெரியது, வெளிச்சமானது. தரை முழுக்க வழுக்கும் வெள்ளைக் கல். கீழே விட்டதும் குட்டியின் நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின. எப்படியோ எழுந்து, நேராகப் போய்ச் செருப்பு அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. அங்கிருந்து கறுப்பு மூக்கு மட்டும் தெரிந்தது.

அந்த வீட்டு அம்மாவுக்கு நாய் மேல் பெரிய ஆசை எதுவும் இல்லை. என்னிடம் மறைக்கவும் இல்லை. "இவருக்கு வருஷத்துக்கு ஒண்ணுண்ணா. ஒரு வருஷம் தேனீ வளர்த்தாரு. ஒரு வருஷம் பியானோ. தேனீ பறந்துருச்சு, பியானோ கெடக்கு," என்றார். ஆனால் விருந்தாளி சாப்பிட மாட்டேன் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. வழக்கத்தைக் கணவர் விளக்கினார். கேட்டுவிட்டு, "நாய் சாப்பிடலேன்னா மனுசங்க ஏன் பட்டினி கெடக்கணும்?" என்றார்.

அன்று பகலும் மாலையும் குட்டிக்கு முன்னால் வைக்காத பொருள் இல்லை. பால் வைத்தார்கள். வெந்த முட்டை வைத்தார்கள். குட்டிகளுக்கென்றே விற்கும் உருண்டைத் தீனியை வெந்நீரில் ஊறவைத்து வைத்தார்கள். ஓசூர்க்காரர் தரையில் குப்புறப் படுத்து, அலமாரிக்கு அடியில் கையை நீட்டி, கோழிச் சாற்றை விரலில் தொட்டுக் காட்டினார். குட்டி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டது. தண்ணீர் மட்டும் குடித்தது. நானும் தண்ணீர் மட்டும் குடித்தேன்.

எனக்குச் சர்க்கரை நோய். மாத்திரையை வெறும் வயிற்றில் போட முடியாது. போடாமலும் இருக்க முடியாது. பழத்தைப் பற்றி வழக்கம் எதுவும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அக்கா போனில் வந்தபோது கேட்டேன்.

"பழம்னாத் தின்னு. அவுக வீட்டுப் பழமாத் தின்னாத."

"இங்க இருக்கிறது நம்ம திராட்சைதான்."

"அதக் குடுத்துட்டயா?"

"குடுத்துட்டேன்."

"அப்ப அது அவுக வீட்டுதாச்சே," என்று யோசித்தாள். "சரி, ஒரு கொத்து தின்னு. வேர் நம்ம மண்ணுல இருக்கில்ல." சர்க்கரை நோயாளிக்கு அது நல்லதா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனை வைப்பதற்கு முன் ஒன்றும் இல்லாததுபோல், "இன்னும் வாய் வைக்கலயா?" என்றாள்.

"வைக்கல."

"தண்ணி குடிச்சுச்சா?"

"குடிச்சுச்சு."

"தண்ணி குடிக்கட்டும். தண்ணி கணக்குல வராது," என்றாள். குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, திகிலாகவும் இருந்தது. ஏனென்றால் குட்டியின் விலா எலும்புகள் அதற்குள் தெரியத் தொடங்கியிருந்தன. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. சேலையை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. நான் அதற்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தின்னு என்று சொல்ல வாய் வரவில்லை. தின்னாதே என்று நினைக்கவும் மனம் வரவில்லை. சமையலறையிலிருந்து தாளிக்கும் வாசம் வந்தபோதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தபோது தலை லேசாகச் சுற்றியது. குட்டி இடத்தை விட்டு நகரவில்லை. ஓசூர்க்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கு இந்த வீடு பிடிக்கலேன்னு நினைக்கிறேன். மத்தியானம் வரைக்கும் பார்ப்போம். இல்லேன்னா நீங்க கொண்டுபோயிருங்க. உங்களுக்கு பஸ் ஏற்பாடு பண்றேன். இன்னிக்கு மழை மேகம், நான் பறக்க முடியாது. அக்காகிட்ட மட்டும் நான் கோவிச்சுக்கலேன்னு சொல்லுங்க."

இவ்வளவு நல்ல மனிதராக அவர் இல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். சரி என்று தலையாட்டினேன். அக்கா அழைத்தபோது, மத்தியானம்வரை பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்கிறார் என்று சொன்னேன். அவள் உடனே தாய் நாயிடம் எதையோ சொன்னாள். என்னிடம் பேசுகிறாள் என்று நினைத்து, என்னக்கா என்று கேட்டேன். "ஒன்னயச் சொல்லல," என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் என் பையை எடுத்து வைத்தேன். திராட்சைக் கூடைகள் இரண்டையும் வாசலில் கொண்டுவந்து வைத்தேன். கட்டுவதற்கான கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டு, வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தார். முதல் தோசை ஓரத்தில் கருகிவிட்டது. கருகியதைப் பிய்த்துக் குப்பைக் கூடையைப் பார்த்து எறிந்தார். பேச்சு மும்முரத்தில் அது கூடையில் விழாமல் தரையில் விழுந்தது.

செருப்பு அலமாரிக்கு அடியிலிருந்து குட்டி வெளியே வந்தது. அந்த வழுக்குத் தரையில் விழுந்து எழுந்து, நடைபாதை முழுவதையும் கடந்து, சமையலறைக்குள் போனது. கருகிய துண்டை மோந்து பார்த்தது. நான் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றேன். அது தின்றது. தின்றுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. அந்த அம்மா கவனிக்காமல் இன்னொரு துண்டைப் பிய்த்து எறிந்தார். அதுவும் கூடையில் விழவில்லை. அதையும் தின்றது. மூன்றாவது துண்டு வரவில்லை என்றதும் அவருடைய சேலை ஓரத்தைப் பல்லால் பிடித்து இழுத்தது.

அவர் குனிந்து பார்த்தார்.

"ஐயோ, இது சாப்பிடுதுடா," என்று மகனிடம் சொன்னார். பிறகு உள்ளே பார்த்து, "என்னங்க, இங்க வாங்க. தோசை சாப்பிடுது," என்றார். நாய் மேல் ஆசை இல்லாதவர் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, நல்ல தோசையையே சின்னச் சின்னதாகப் பிய்க்கத் தொடங்கினார். ஓசூர்க்காரர் வந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கயிற்றை மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

"அண்ணா, இனிமே நீங்க சாப்பிடலாமில்ல?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மா எழுந்து தட்டை வைத்தார். இரண்டு நாளாக அவர் முகத்தில் இல்லாத நிம்மதி இப்போது இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். தேங்காய்ச் சட்னியின் உப்பு நாக்கில் பட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. பசிதான் பெரும்பாலும் என்று நினைக்கிறேன்.

போன் அடித்தது. வலது கை நனைந்திருந்தது. இடது கையால் எடுத்தேன்.

"எங்கன இருக்க? பஸ் ஏறிட்டயா?"

"இல்லக்கா."

"உச்சி ஆகப்போகுதுல்ல. கூடையில காத்துப் போற மாதிரி மூடு. பஸ்ல சன்னலோரம் உக்காரு. தாயி நேத்துலருந்து எதையும் தொடல. குட்டி மொகத்தப் பாத்தாத்தான் திங்கும்போல..."

"அக்கா, நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பந்தலுக்குள் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். நான் போனை இன்னும் நெருக்கமாகக் காதோடு வைத்துக்கொண்டேன்.

"என்னத்தத் தின்னுச்சு?" என்றாள்.

"தோச ஓரம். கருகுனது."

"தோசையா?" நம்பாததுபோல் கேட்டாள். "இங்கன நான் போட்டா மோந்து பாத்துட்டுப் போயிரும்."

அந்த அம்மா இன்னொரு தோசையைக் கொண்டுவந்தார். போதும் என்று தட்டை மறைத்தேன். "ஒண்ணே ஒண்ணுண்ணா, நேத்திலிருந்து பட்டினி," என்று வற்புறுத்தினார். அது அக்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"வாங்கிக்க. போன வீட்டுல வேணாங்காத," என்றாள்.

கையை எடுத்தேன். அவர் தோசையைத் தட்டில் வைத்தார்.